ஓதம் உண்டா இல்லையா

தூத்துக்குடி பஸ் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும் முன்பே அதன் வாசம் பஞ்சு மார்க்கெட்டைத் தாண்டி வந்துவிட்டது என்பார் பொன்னுராஜ். மேற்கே மலையில் மேய்ந்துகொண்டிருந்த யானைகளெல்லாம் தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தன என்றும் சொல்வார். யானை விஷயத்தை யாரும் சரிபார்க்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

நடந்தது இவ்வளவுதான். கண்டக்டர் கர்ச்சீப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு ஒரு சாக்கை இறக்கி வைத்து, "பொன்னுராஜ் யாருய்யா? சீக்கிரம் தூக்கும், சீட்ல இருக்கவன் பூரா ஜன்னலுக்கு வெளியதான் தலைய வச்சிக்கிட்டு வந்தான்" என்றார். சாக்கு நிறைய நெத்திலிக் கருவாடு. நெத்திலிக்கு நடுவில் ஒரு பழைய கைலிச் சாரத்தில் சுற்றி, அவர் மகன் ஜெபக்குமாரின் மிசின்.

அந்த மிசினைப் பற்றிப் பொன்னுராஜ் ஊருக்குள் சொல்லிவைத்திருந்தது கொஞ்சநஞ்சமில்லை. முப்பது வருசத்துக்கு மேல் ஸ்பின்னிங் மில்லில் பஞ்சைத் தின்று பஞ்சையே தும்மி ரிட்டயர் ஆனவர். மகன் பஞ்சு வாசமே இல்லாத ஒரு தொழிலைப் பிடித்துவிட்டான் என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோசம். "எம்மவன் கடலுக்கு அளவெடுக்கிற டெய்லர்லே. கடலுக்கு இடுப்பு எம்புட்டு, இறக்கம் எம்புட்டு, எல்லாம் அவன் கையில" என்று டீக்கடையில் சொன்னது ஆராதனை வரைக்கும் போய், பாஸ்டரே ஒருநாள் நிறுத்தி விசாரித்தார்.

உண்மையில் ஜெபக்குமார் தூத்துக்குடிப் படகுகளில் கடலடியை வரைபடமாக்கும் மிசினைப் பொருத்துகிறவன். ஏழெட்டுப் படகுகளில் பொருத்தியிருந்தான். மீன்பிடிக்கப் போகிற போக்கில் மிசின் ஆழத்தைக் குறித்துக்கொண்டே வரும். கரைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் குறித்ததையெல்லாம் ராஜபாளையத்துக்கு அனுப்பும். இங்கே அவன் மனைவி ஷெரின், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து அதைச் சுத்தம் செய்து படமாக்கித் திருப்பி அனுப்புவாள். கடலுக்கும் ராஜபாளையத்துக்கும் இடையில் அரைப் பகல் பஸ் பயணம் இருந்தாலும், தினமும் சாயங்காலம் கடல் அந்த வீட்டுக்குள் வந்துதான் போனது.

அப்படிப்பட்ட மிசின்தான் இப்போது சாக்கில் வந்திருந்தது. அதை அனுப்பியவர் ஐயாதுரை. முதன்முதலில் நம்பித் தன் வள்ளத்தில் மிசின் வைக்க இடம் கொடுத்தவர் அவர்தான்.

வீட்டுக்குள் சாக்கை வைப்பதற்குள் ஐயாதுரை போனில் வந்துவிட்டார். ஜெபக்குமார் ஸ்பீக்கரில் போட்டான்.

"சாக்கு வந்துட்டா தம்பி? உன் படத்துல அஞ்சடி தண்ணின்னு நீலமாக் காட்டிச்சு. நம்பி விட்டேன். தீவுப் பக்கம் பார்ல டமார்னு ஒரே இடி. காத்தாடி எலை ஒண்ணு போச்சு. இறங்கிப் பாத்தா எங்கடே அஞ்சடி? எம் மார்புக்குக்கூட வரல!"

பார் என்று அவர்கள் சொல்வது கடலுக்குள் இருக்கும் பாறைத் திட்டை. காத்தாடி என்பது படகைத் தள்ளும் இன்ஜின் விசிறியை.

"அண்ணாச்சி, எங்க தப்புன்னு பாக்கேன்…"

"பாரு. ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு போட்டுக்காரங்க எல்லாரும் கூடுதோம். அதுக்குள்ள சொல்லு. இல்லேன்னா மத்தவன் போட்டுல இருக்கதும் இதே மாதிரி சாக்குலதான் வரும்."

பொன்னுராஜின் மனைவி பிச்சையம்மாள் சாக்கைக் கிளறிப் பார்த்துவிட்டு போன் பக்கம் குனிந்தாள். "ஏய்யா, கருவாடு எதுக்கு?"

"அது உங்களுக்கு ஆச்சி. மிசின்மேலதான கோவம். குழம்பு வைங்க, நல்ல நெத்திலி."

போன் நின்றது. ஜெபக்குமார் சுவரைப் பார்த்தான். "எல்லாம் வந்துட்டா அம்புட்டுதான்ப்பா. உங்க மில்லுலயே சூப்பர்வைசருக்கு ஆள் கேக்காவன்னு சொன்னிங்கள்ல. போயிருதேன்."

பொன்னுராஜுக்கு முதன்முறையாகச் சொல்வதற்குப் பெரிய பொய் எதுவும் கிடைக்கவில்லை. மூக்கைத் தேய்த்துக்கொண்டார். உள்ளே இன்னும் மில்லுப் பஞ்சு இருந்தது.

அன்று ராத்திரிக் கருவாட்டுக் குழம்பு. பிச்சையம்மாள் மாங்காய் போட்டு வைத்திருந்தாள். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, பொன்னுராஜைத் தவிர. ஷெரின் தட்டுக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பைத் திறந்து வைத்து, அந்தப் பாறை இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலமாகத்தான் இருந்தது.

"ஏட்டி, அது எப்படித்தான் ஆழத்தைக் கண்டுபிடிக்கும்? இத்தனை நாளா கேக்கவே இல்ல" என்றாள் பிச்சையம்மாள்.

"படகுக்கு அடியில ஒரு குமிழ் இருக்குல்ல அத்தை, அது கீழ பாத்து டக்குனு ஒரு சத்தம் விடும். சத்தம் தரையில பட்டுத் திரும்பி வரும். வர எம்புட்டு நேரம் ஆகுதோ அம்புட்டு ஆழம்."

"மச்சுல நின்னு உங்க மாமாவைக் கூப்பிடுத மாதிரி."

"அதேதான்."

"அப்ப அவிய பாதாளத்துல இருக்காவ."

பொன்னுராஜ் இன்னொரு நெத்திலியை எடுத்துக்கொண்டார்.

"சத்தம் விடுத ஒவ்வொரு தடவையும், ஆழம், மணி, எந்த இடம், மூணையும் சேத்து எழுதிக்கிடும்" என்றாள் ஷெரின். "நடுவுல மீன் கூட்டம் போச்சுன்னா சத்தம் மீன்மேல பட்டுத் திரும்பிரும். மிசின் அதைத் தரைன்னு நினைச்சுக்கிடும். திடீர்னு மலை மாதிரி ஒரு புள்ளி நிக்கும். அதையெல்லாம் நான்தான் உக்காந்து அழிப்பேன்."

"படகு போகாத இடத்துக்கு?"

"அக்கம்பக்கத்துப் புள்ளிய வச்சு அதுவே நிரப்பிக்கிடும்."

"பாக்காததையும் பாத்த மாதிரி சொல்லும். அப்ப அதுவும் உங்க மாமா மாதிரிதான்."

"பார்ல அப்படி நிரப்பலையே அத்தை. ஐயாதுரை அண்ணாச்சி அந்தப் பாறைக்கு மேலேயே நாலஞ்சு தடவை போயிருக்காவ. எல்லாத் தடவையும் அஞ்சடிக்குக் குறையல. அதான் புரியல."

ஜெபக்குமார் சோற்றில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். "கடல் தண்ணி ஏறி இறங்குத கணக்கையும் மிசினே பாத்துக்கிடுமே. பக்கத்துத் துறைமுகத்துக் கணக்கை எடுத்து, ஏறின தண்ணியக் கழிச்சு, தண்ணி அடியோட வத்தும்போது எம்புட்டு ஆழம் இருக்குமோ அதைத்தான் அனுப்பும். அது போட்டுலேயே நடந்துரும். அதுல தப்பு வர வழியே இல்ல."

"கடல்ல எதையும் நிறுத்தி வச்சுப் பாக்க முடியாதுங்க" என்றாள் ஷெரின். "ஆடாத தண்ணி வேணும். ஒரு பக்கம் மிசின் அளக்கணும், ஒரு பக்கம் நாம கம்பை ஊனி அளக்கணும். ரெண்டும் ஒத்து வருதான்னு பாத்துரலாம்."

பொன்னுராஜ் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அவருக்கு இப்போது சொல்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டது.

"சில்லித்தூர்ல ஒரு கடலே கெடக்குலே" என்றார்.

தை மாதம். மழை நன்றாகப் பெய்த வருசம். சில்லித்தூர் என்கிற ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியகுளம் கண்மாய் நிறைந்து, அக்கரைத் தென்னைகள் பனியில் பாதி தெரிந்தன. அங்கே வலை போடும் பால்ச்சாமி, பொன்னுராஜோடு ஒரு காலத்தில் மில்லில் வேலை பார்த்தவர். அவரிடம் படகு கிடையாது. நாலு லாரி டியூபுக்குக் காற்றடித்து, மேலே பலகை கட்டிய ஒரு தெப்பம் இருந்தது.

"மூணு பேரு தாங்குமா?" என்றான் ஜெபக்குமார்.

"மூணு பேரு தாங்கும். உங்கப்பா ஏறினா ரெண்டு பேருதான்" என்றார் பால்ச்சாமி.

மிசினைத் தெப்பத்தில் கட்டி, குமிழைத் தண்ணீருக்குள் இறக்கி, பேட்டரியைப் பிளாஸ்டிக் வாளியில் வைத்தார்கள். முந்தின நாளே மிசினில் பழையதையெல்லாம் அழித்துப் புது மிசின் மாதிரி ஆக்கியிருந்தான் ஜெபக்குமார். அவன் பொத்தானை அமுக்கியதும் அது விழித்துக்கொண்டது. துடுப்புப் போட்டது பால்ச்சாமி. கம்பை ஊனி அளந்தது பொன்னுராஜ். உண்மையைச் சொன்னால் இரண்டு முறை கம்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, ஒரு முறை அவரே கம்போடு நின்றுவிட, தெப்பம் அவருக்குக் கீழிருந்து நழுவிப் போனது. பிற்பாடு அவர் சொன்ன கதையில் சுறா ஒன்றும் சேர்ந்துகொண்டது.

காலை முழுக்க மடைக்குப் பக்கத்தில் மேலும் கீழுமாக, உழவு சால் ஓட்டுகிற மாதிரி ஓட்டினார்கள். ஷெரின் கரையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பொன்னுராஜ் சத்தம்போட்டுச் சொல்லும் கம்பு அளவைக் குறித்துக்கொண்டாள். எங்கே ஊன்றினாலும் ஏழடிதான். கண்மாய்த் தரை தோசைக்கல்லாக இருந்தது.

உச்சிவெயிலுக்குக் கரையேறினார்கள். சம்பத்குமார் புளியோதரையும் ஒரு டப்பா பால்கோவாவும் கொண்டுவந்திருந்தார். பெருமாள் கோயில் பக்கத்து வீடு, பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார், ஜெபக்குமாருக்குப் படிப்பித்தவர். மிசின் திரையில் வரும் எழுத்தையெல்லாம் தமிழாக்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஒரு இங்கிலீஷ் எழுத்து இருக்கக்கூடாது என்று குருவும் சிஷ்யனும் சேர்ந்து பிடிவாதமாகச் செய்திருந்தார்கள்.

"நம்ம தமிழ் கடல்ல மிதக்கறதுன்னு பள்ளிக்கூடம் பூரா சொல்லியிருக்கேன் ஜெபா. அதைக் கழட்டிப்பிட்டாளா?" என்று வருத்தப்பட்டார்.

"நெத்திலியோட வந்துச்சு சார்."

"அட பகவானே" என்று அவர் பால்கோவா டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

ஜெபக்குமாரும் ஷெரினும் வேறு பேட்டரி வாங்க மடவார் வளாகம் பக்கம் போனார்கள். சம்பத்குமார் மரத்தடியில் கண்ணயர்ந்தார். பால்ச்சாமி டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். பொன்னுராஜ் மட்டும் மிசினுக்குக் காவல். சும்மா இருப்பது அவர் பரம்பரையிலேயே கிடையாது. திரையில் தெரிந்ததை ஒவ்வொன்றாகப் படித்தார். தமிழ்தானே.

கொஞ்ச நேரம் கழித்து அவர் புருவம் ஏறியது. பிறகு விரல் நீண்டது. பிறகு அவர் ஒன்றும் தெரியாதவர்போல இன்னும் கொஞ்சம் புளியோதரை போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வரை அதே இடத்தில் மறுபடியும் ஓட்டினார்கள். வெயில் சாய்ந்ததும் கரையேறி, ஷெரின் லேப்டாப்பில் படத்தை விரித்தாள். எல்லாரும் அவள் தோளுக்குப் பின்னால் கூடினார்கள். பால்ச்சாமி ஈரக் கையோடு எட்டிப் பார்த்தார்.

காலையில் ஓட்டியது ஒரு நிறம், மதியம் ஓட்டியது ஒரு நிறம்.

"என்னது இது?" என்றாள் ஷெரின். "மதியம் ஓட்டினது ஏழடி. கம்போட அப்படியே ஒத்து வருது. காலையில ஓட்டினதுல மொத சால் அஞ்சடிதான் காட்டுது. அதே இடம்! கண்மாய்க்குள்ள மேடு வந்துட்டுப் போயிருக்கு."

"மேடா? அங்கயா?" பால்ச்சாமி பதறினார். "நேத்துகூட அங்கதான வலை போட்டேன்."

"காலையில மொதல்ல ரெண்டடி தப்பு. அடுத்த சால்ல கொஞ்சம் கொறச்சல். பொறவு இன்னும் கொறச்சல். மெதுவா எறங்கிக்கிட்டே வருது பாருங்க." அவள் பேச்சை நிறுத்திவிட்டு கணவனைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிற முகம். "ஏங்க, தூத்துக்குடியில இன்னைக்குக் காலையில தண்ணி எப்படி?"

ஜெபக்குமார் போனில் பார்த்தான். பார்த்தவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "விடியக்காலம் ஏறி, பொறவு இறங்கியிருக்கு. அய்யய்யோ, கடல்னு நினைச்சு மிசின் தூத்துக்குடித் தண்ணியக் கண்மாய்க்குக் கழிச்சிருக்கு. நான்தான் அணைக்க மறந்துட்டேன். புது மிசின்ல எப்பவும் உண்டுன்னே கெடக்குமா, கையே போகல."

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாய்க்கு அன்று காலை கடல் ஏறி இறங்கியிருந்தது. பொன்னுராஜ் அதைக் கேட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

ஷெரின் சிரிக்கவில்லை. "அது சரி. மதியம் எப்படிச் சரியா வந்துச்சு? நீங்க அணைச்சிங்களா?"

"இல்லையே."

"நானும் தொடல."

இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பினார்கள். பொன்னுராஜ் சிரிப்பைப் பாதியில் விட்டார்.

"என்னலே பாக்கிய? ஓதம் உண்டுன்னு போட்டிருந்துச்சு. மில்லு குடோன்ல சுவர்ல ஓதம் ஏறிச்சுன்னா பஞ்சுப் பேல் பூரா நமுத்துப் போகும், தெரியுமா? பஞ்சுக்கே ஆகாது, கரண்டு மிசினுக்கு ஆகுமா? கீழேயே இல்லைன்னு ஒரு பொத்தான் இருந்துச்சு. அமுக்கிட்டேன். பெறகுதான மிசின் ஒழுங்கா வேலை பாத்துச்சு?"

சம்பத்குமார் எழுந்து நின்றுவிட்டார். "என்ன காரியம் பண்ணேள்! ஓதம்னா கடல் பொங்கி ஏறி வர்றது. பாசுரத்துல வர்ற சொல்லாக்கும்!"

"சார், ஓதம்னா சுவர்ல ஏறி வர்றது. எங்க வீட்டு அடுப்பங்கரையில வந்து பாருங்க."

"ஆழ்வாரே சொல்லியிருக்கார்."

"அவிய காலத்துல சிமிண்டு பூசி இருக்க மாட்டாவ."

"ரெண்டும் இல்ல" என்றார் பால்ச்சாமி. "ஓதம்னா ஆம்பளைக்கு வார ஒரு வியாதி. எங்க சித்தப்பாவுக்கு இருந்துச்சு. வேட்டியே கட்ட முடியாது."

ஷெரின் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெபக்குமாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ ஒன்று அவனுக்குள் இடம் மாறிக்கொண்டிருந்தது. சட்டென்று போனை எடுத்து ஐயாதுரையைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் கடல் காற்று இரைந்தது.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு. மிசின் வச்ச புதுசுல திரையில ஓதம்னு ஒண்ணு வந்திருக்குமே. ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? ஓதம் உண்டுன்னு காட்டிச்சு. நான் பயந்துட்டேன். உப்புத் தண்ணி உள்ள போயிட்டோன்னு."

"அதை என்ன செஞ்சிய?"

"அன்னைக்கே இல்லைன்னு அமுக்கிட்டேன். வெயில்லயும் ஒரு நாள் காய வச்சேன். மத்தவங்க கிட்டயும் சொன்னேன். எல்லார் மிசின்லயும் ஓதம் இருக்கு, முதல்ல அதைப் போக்குங்கடேன்னு. ஏன்?"

கரையில் தவளை ஒன்று அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் அமுக்கிட்டாங்களா?"

"எவன் விடுவான், ஓதத்தை?"

ஜெபக்குமார் பலகையில் உட்கார்ந்துவிட்டான். "அண்ணாச்சி, ஓதம்னு நான் போட்டது ஏத்தம் வத்தத்தை. தண்ணி ஏறுத கணக்கை. நீங்க இல்லைன்னதும் மிசின் கழிக்கிறதையே விட்டுட்டு. நீங்க பாருக்கு மேல போனதெல்லாம் ஏத்தத்துல. அந்த ஆழம்தான் படத்துல நின்னுட்டு. வத்தத்துல வந்தப்ப…"

"காத்தாடி போச்சு" என்று முடித்தார் ஐயாதுரை. "ஏலே, ஏத்தம் வத்தம்னு போட வேண்டியதுதான? அதைச் சின்னப் பிள்ளையும் சொல்லுமே. எந்த மடையன் ஓதம்னு எழுதினான்?"

சம்பத்குமார் கண்மாயின் அக்கரையைப் பார்த்தார்.

"நான்தான் அண்ணாச்சி" என்றான் ஜெபக்குமார். "எந்தப் போட்டுக்காரங்க கிட்டயும் ஒரு வார்த்தை கேக்காமப் போட்டேன். உங்க மேல தப்பு இல்ல. மிசின் மேலயும் இல்ல."

"அது சரி. ஆனா போன படம் பூரா பாழ்தான? மறுபடி முதல்ல இருந்து ஓட்டணுமா? அதுக்கு எவனும் ஒத்துக்கிட மாட்டான் தம்பி. ஞாயித்துக்கிழமை என்னால ஒண்ணும் பேச முடியாது."

ஷெரின் போனை ஜெபக்குமாரின் கையிலிருந்து வாங்கினாள்.

"அண்ணாச்சி, செத்த நேரம் அப்படியே இருங்க. வச்சிராதிய."

அவள் மடியில் லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள். பாறை இருக்கும் இடத்தைத் திறந்தாள். "ஒவ்வொரு புள்ளியிலயும் மணி ஒட்டியிருக்குல்ல. எத்தனை மணிக்கு அளந்ததுன்னு தெரியும். அந்த மணிக்குத் தூத்துக்குடியில தண்ணி எம்புட்டு ஏறியிருந்துச்சுன்னும் தெரியும். போட்டுல கழிக்காததை நான் இங்க உக்காந்து கழிச்சுருதேன்."

விரல்கள் தட்டின. லேப்டாப் யோசித்தது. பொன்னுராஜுக்கு ஜன்மத்தில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து பழக்கமில்லை. அவருக்குக் காது அடைத்தது. திரையில் நீலம் ஓரத்திலிருந்து வெளுத்தது. பச்சையாயிற்று. நடுவில் மஞ்சள் கண்டது. மஞ்சளுக்கு நடுவில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, சிவப்பாக அந்தப் பாறை எழுந்து வந்தது.

"மூணடி" என்றாள் ஷெரின். "அண்ணாச்சி, பாருக்குப் பக்கத்துல, வடக்கே இன்னொரு சின்னப் பாறை இருக்கா? அதுவும் சிவப்பாத் தெரியுது."

"இருக்கு" என்றார் ஐயாதுரை. "அதுல எங்கப்பா இடிச்சாரு." பிறகு குரல் மாறியது. "ஏம்மா, மத்த போட்டுப் படத்தையும் இப்படியே திருத்திருவியா?"

"ராப்பகலா உக்காந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சிருவேன்."

"சரி. தம்பிய மிசினைத் தூக்கிக்கிட்டு வரச் சொல்லு. கூட்டத்துல நான் பேசுதேன். ஓதம் போன கதைய நானே சொல்லிருதேன், மத்தவன் சொன்னா மானம் போகும்." சற்று நின்று, "ஆச்சி கிட்டச் சொல்லு, சாக்கை உதறிக் கொடுத்து விடச் சொல்லி. நல்ல சாக்கு அது."

அடுத்த நாலு நாள் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடமில்லை. எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஷெரின் ஒவ்வொரு படகாகக் கழித்துக்கொண்டே போனாள். தெருப் பக்கம் போன பொன்னுராஜ், தம் மருமகள் கடல் தண்ணீரைக் குடம் குடமாக இறைத்துக் கொட்டிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிவைத்தார். டீக்கடையில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேருக்கு அவரைத் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபக்குமார் கிளம்பத் தயாரானான். உதறிக் காயவைத்த சாக்கு வாசலில் இருந்தது. உதறியும் வாசம் போகவில்லை. சம்பத்குமார் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, புதிதாக எழுதியதைத் தம் கையாலேயே கொடுத்திருந்தார். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. "பாசுரத்துச் சொல் பாசுரத்துலயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். பிச்சையம்மாள் அவருக்குக் காபி கொடுத்தாள், கருவாட்டுச் சட்டி இருந்த பக்கத்துக் கதவைச் சாத்திவிட்டு.

ஜெபக்குமார் மிசினை மேசையில் வைத்து ஒருமுறை போட்டுப் பார்த்தான். திரை விழித்தது. அவன் சட்டை மாற்ற உள்ளே போன நேரம், பொன்னுராஜ் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"ஏத்தம்: உண்டு" என்று வாசித்தார். "ஏத்தமா? தோட்டத்துல தண்ணி இறைக்க மாடு கட்டுத ஏத்தமா? மோட்டார் வந்த அன்னைக்கே அது ஒழிஞ்சு போச்சே. இன்னுமா இதுல உண்டுன்னு போட்டிருக்கான்?"

விரல் நீண்டது. சம்பத்குமார் காபியை வைத்துவிட்டு எழுவதற்குள் பிச்சையம்மாள் வந்துவிட்டாள். கையில் கரண்டி இருந்தது.

"இந்தாங்க" என்றாள். "கையை எடுங்க. காத்தாடிக்கு இன்னும் மூணு எலை பாக்கி இருக்கு."